எந்தத் தாளிலிருந்து விழுந்த மொட்டு

இந்த அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் எழுதுவது.

அடுத்த வாரம் நான் காட்டிலாகா வேலைக்குப் போகிறேன். முப்பத்திரண்டு வயதில் அனுபவம் எழுத உட்காருவது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனாலும் உலர்செடித் தாள்கள் அடுக்கிய இந்த அலமாரிகளோடு பத்து வருஷம் இருந்துவிட்டேன். சாவிக்கொத்தை மட்டும் ஒப்படைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. பசை காய்ச்சுவது, செடியைத் தாளில் தைப்பது, பூச்சி வராமல் காப்பது எல்லாம் பத்து நாளில் உங்களுக்கே கைவந்துவிடும். அதையெல்லாம் எழுதி, யுத்த காலத்தில் காகிதத்தை வீணாக்க வேண்டாம். இதுவே பழைய வினாத்தாள்களின் முதுகில் எழுதியதுதான். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு மொட்டைப் பற்றி.

நான் லால்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள். இன்டர்மீடியட் முடித்து, திருச்சியில் கல்லூரி வேலை என்று போய்ச் சொன்னபோது என் தகப்பனாருக்கு முதலில் சந்தோஷம். என்ன வேலை என்று விளக்கியதும் முகம் மாறிவிட்டது.

“காஞ்ச தழைய அட்டையில ஒட்டி வெக்கிறதா?”

“ஆமாங்கப்பா. எந்தச் செடி எந்தக் குடும்பம்னு பேரு எழுதி வெக்கணும்.”

“அது நம்ம ஆட்டுக்கே தெரியுமேடா. ஒதுக்க வேண்டியத ஒதுக்கிட்டு மத்தத மேயுது.”

அவரிடம் நான் மறைத்த விஷயம் ஒன்று உண்டு. அது தற்காலிக வேலை. மூன்று வருஷத்துக்குள் பேராசிரியர் சிபாரிசு எழுதி, பிரின்ஸிபால் சம்மதித்தால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி வயல்தான். இது நடந்தது அந்த மூன்றாவது வருஷத்தில்.

அப்போது அறையில் நாங்கள் மூன்று பேர். பேராசிரியர், செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்டிரேட்டர் வரதாச்சாரி, நான். வரதாச்சாரி ஸ்ரீரங்கத்துக்காரர். திருமண் இட்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி ஜட்காவில் வருவார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். பேராசிரியர் குறைவாகப் பேசுவார். பேசினால் அதுதான் முடிவு. இந்த இருவருக்கும் நடுவே ஒரு வழக்கு நான் வருவதற்கு முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது. அது பாக்ஸ் மரத்தைப் பற்றியது.

பாக்ஸ் மரத்தை நீங்கள் செடியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் தினமும் தொடுகிறீர்கள். இலையை அளக்க மேஜைமேல் கிடக்கிறதே மஞ்சள் அடிக்கோல், அது அந்த மரம். இமயமலைப் பக்கம் வளர்வது. அதற்கு உறவான ஒரு சிறு புதர் நம் நீலகிரிச் சோலைகளில் உண்டு. பாக்ஸ் மரத்தின் காய் உலர்ந்து வெடிக்கும், இந்தப் புதருக்குச் சதைப்பற்றுள்ள சின்னக் கனி. நம் கல்லூரியில் அலமாரிகளை அடுக்குவதற்கு ஆதாரமாக இருந்த பழைய பெரிய புத்தகம் இவை எல்லாவற்றையும் ஆமணக்குக் குடும்பத்துக்குள் ஒரு கிளையாக வைத்திருந்தது. பேராசிரியரும் அப்படியே வைத்திருந்தார். ஐரோப்பாவில் சிலர் இவற்றைத் தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள். வரதாச்சாரி அவர்கள் கட்சி.

“ஆண் பூ தனி, பெண் பூ தனி. சூலகத்துல மூணு அறை. அறைக்கு ரெண்டு சூல். இன்னும் என்ன வேணும்?” என்பார் பேராசிரியர்.

“முகஜாடை ஒத்துப்போனா ஒரே வயித்துப் பிள்ளைன்னு ஆயிடுமா சார்? கோயில்ல திருமண் இட்டுண்டு நின்னா எல்லாரும் ஒரே ஜாடையாத்தான் தெரியறா” என்பார் வரதாச்சாரி.

நானும் ஒருநாள் நடுவில் புகுந்தேன். ஆமணக்குக் கூட்டத்தில் எத்தனையோ செடிகளில் பால் வடிகிறது, இந்தப் புதரில் பாலே இல்லையே, அதனால் இது தனிதானே என்றேன்.

வரதாச்சாரி தன் கட்சிக்கு ஆள் சேர்ந்ததென்று மகிழவில்லை. “ஓய் முத்தையா, கீழாநெல்லியக் கிள்ளிப் பாரும். அதுலயும் பால் வராது. அதையும் வீட்டைவிட்டுத் தள்ளிடுவீரா? நல்ல கட்சிக்கு நொண்டிச் சாட்சி கொண்டுவராதேயும்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு உறைத்தது. அதன் பிறகு நான் உண்மையாகப் படிக்க ஆரம்பித்தேன். வழக்கு எங்கே தீரும் என்பது அப்போதுதான் புரிந்தது. சூலகத்தின் அறைக்குள் சூல் தலைகீழாகத் தொங்குகிறது. அதன் ஒரு பக்கத்தில் தையல் போட்டதுபோல் ஒரு வரம்பு ஓடும். ஆமணக்குக் கூட்டத்தில் அந்த வரம்பு நடு அச்சைப் பார்த்திருக்கும்; சூலின் வாயின்மேல் ஒரு சின்னக் குல்லாவும் இருக்கும். பாக்ஸ் கூட்டத்தில் வரம்பு வெளிச்சுவரைப் பார்த்திருக்கும், குல்லா கிடையாது என்று பிரித்தவர்கள் எழுதியிருந்தார்கள். ஒரு செடியின் இலையும் காயும் மழைக்கும் மலைக்கும் தக்கபடி மாறிப்போகலாம். உள்ளே சூல் எந்தப் பக்கம் திரும்பித் தொங்குகிறது என்பது அவ்வளவு எளிதில் மாறாது. மூதாதையிடமிருந்து வந்த வழக்கம் அது. ஆக, ஒரு பெண் பூவை வெட்டிப் பார்த்தால் போதும்.

நம்மிடம் பெண் பூ இல்லை. பேராசிரியர் வெளியூர்ப் பெரிய நிலையம் ஒன்றுக்கு எழுதி, ஒப்பிட்டுப் பார்க்க இருபது தாள்களை இரவல் வாங்கினார். நீலகிரிப் புதர் தாள் ஒன்று, இமயமலை பாக்ஸ் இரண்டு, மற்றவை ஆமணக்குக் கூட்டத்துச் செடிகள். பார்சலைப் பிரித்தது நான்.

இரவல் தாளுக்கு உள்ள வழக்கம் உங்களுக்கு முதல்நாளே சொல்லியிருப்பார்கள். ஒட்டியிருப்பதைப் பிய்க்கக் கூடாது. தானாக உதிர்ந்தது தாளின் மூலையில் ஒட்டியிருக்கும் காகிதப் பைக்குள் போகவேண்டும். வெட்டிப் பார்க்க வேண்டுமானால் பையில் இருப்பதைத்தான் எடுக்கலாம்.

நீலகிரிப் புதரின் தாள்மேல் ஒரு மொட்டு உதிர்ந்து கிடந்தது. மெல்லிய காம்போடு, தலைப்பகுதி முறிந்து, சூலகம் மட்டும் முழுசாக. இரண்டு வருஷமாகக் காத்திருந்த பொருள் கண்ணெதிரே. அதை எடுத்து அந்தத் தாளின் பைக்குள் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அதற்கு எத்தனை நொடி ஆகியிருக்கும் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். மூன்று நொடி இருக்கலாம்.

பேராசிரியரிடம் ஓடினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“பிச்சதா, விழுந்ததா?”

“விழுந்ததுங்க சார். தாள் மேலயே கிடந்தது.”

“சரி. வேக வச்சு வெட்டு.”

காம்பைக் கிள்ளிப் பைக்குள் திருப்பிப் போட்டுவிட்டு, காய்ந்த மொட்டு இளக வேகவைத்து வெட்டினேன். சூலை நசுக்காமல் வெட்டியதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. மூன்று அறை. அறைக்கு இரண்டு சூல். வரம்பு நடு அச்சைப் பார்த்திருந்தது. வாய்மேல் குல்லா. ஆமணக்குக் குடும்பம், சந்தேகமே இல்லை.

வரதாச்சாரி மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் கண்ணை வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, “தோத்துட்டேன் சார். பெருமாளே வந்து சாட்சி சொன்னாப்ல இருக்கு” என்றார். அதில் கசப்பு இல்லை. அன்று மாலை எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

பேராசிரியர் ஒரே வாரத்தில் கட்டுரை எழுதிவிட்டார். அந்தச் சனிக்கிழமை மற்றக் கல்லூரிகளிலிருந்து தாவரப் பாடக்காரர்கள் நம் கல்லூரியில் கூடுவதாக ஏற்பாடு. அங்கே வாசித்துவிட்டுத் திங்கட்கிழமை அச்சுக்கு அனுப்பவேண்டியது. என் சிபாரிசுக் கடிதமும் அதே வாரம் தயாராகிவிட்டது. டைப் அடித்த குமாஸ்தா எனக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டிவிட்டார். ‘நுணுக்கமான பார்வை உள்ளவர்’ என்று அதில் ஒரு வரி.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரவல் தாள்களைத் திருப்பிக் கட்ட உட்கார்ந்தேன். அனுப்புமுன் ஒவ்வொரு தாளையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பது முறை. நீலகிரிப் புதரில் இன்னும் மூன்று பெண் பூக்கள் கிளையோடு ஒட்டியிருந்தன. அவற்றின் காம்பைப் பார்த்தேன். காம்பு முழுக்க மீன் செதில்போல் சின்னச் சின்னச் செதில்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. மூன்றிலும் அப்படியே. பைக்குள் நான் போட்டுவைத்த காம்பை எடுத்தேன். நூல்போல் வழவழவென்று இருந்தது. ஒரு செதில்கூட இல்லை.

செதில் உதிர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உதிர்ந்தால் தழும்பு இருக்கவேண்டும். தழும்பும் இல்லை.

பார்சல் கட்டுக்குள் அதற்கு முந்தின தாள் எது என்று புரட்டினேன். கீழாநெல்லிக்கு உறவான ஒரு வேலிப்புதர். எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும்போது அதன் வெள்ளைப் பழத்தைக் கை நிறையப் பறித்துத் தின்றிருக்கிறேன். அந்தத் தாளில் மெல்லிய வழவழப்பான காம்புகளில் வரிசையாக மொட்டுகள். ஒரு காம்பு இருக்கவேண்டிய இடத்தில் புதிதாய் முறிந்த தடம். மேலே இருந்த தாளைத் தூக்கும்போது அதிலிருந்து உதிர்ந்து கீழே இருந்த தாள்மேல் விழுந்திருக்கிறது. நான் வெட்டியது பாக்ஸ் குடும்பமே அல்ல. சின்ன வயசில் தின்ற பழத்தின் மொட்டு. ஆமணக்குக் குடும்பத்துச் செடியை வெட்டி, அது ஆமணக்குக் குடும்பம் என்று நிரூபித்திருந்தேன்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். பையிலிருக்கும் காம்பை ஊதிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த யோசனை வந்தது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. அது வந்து போவதற்குள் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையோரம் புத்தூரில் இருந்த என் அறைக்கு ஒருமுறை நடந்துபோய்த் திரும்பிவிட்டேன். தகப்பனாரிடம் என்ன சொல்வது என்றுதான் வழியெல்லாம் யோசித்தேன். அவர் முகத்தை நினைத்தால் பொய் சொல்லிவிடலாம் போலிருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது காம்பு பைக்குள் இருந்தது.

உண்மையைச் சொல்வது என்று தீர்மானித்தபின் இன்னொரு கேள்வி இருந்தது. யாரிடம் முதலில்? வரதாச்சாரி அடுத்த மேஜையில்தான் இருந்தார். என்னிடம் பிரியமுள்ளவர். சொன்னால் தைரியம் சொல்லியிருப்பார், கூடவே வந்து பேசியிருப்பார். என் உடம்பு முழுவதும் அவரிடம் போய்ச் சொல்லத்தான் துடித்தது. ஆனால் இந்தச் செய்தியால் ஜெயிக்கப்போகிறவர் அவர். பிழையால் நஷ்டப்படப்போகிறவர் பேராசிரியர். நஷ்டப்படுகிறவர் காதுக்குத்தான் முதலில் போகவேண்டும் என்று பட்டது. பத்து வருஷத்தில் நான் சரியாகச் செய்த காரியங்களில் இதை ஒன்றாக எண்ணுகிறேன்.

வரதாச்சாரி நடுவில் என்னை ஏதோ கேட்டார். “ஒண்ணுமில்லீங்க சார்” என்று சொல்லிவிட்டு, இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன்.

மேஜைமேல் அவருடைய கட்டுரை. அதன் பக்கத்தில் கையெழுத்துக்காக என் சிபாரிசுக் கடிதம். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவர் தாள்களை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தினார். லென்ஸை வாங்கி ஒட்டியிருந்த பூக்களைப் பார்த்தார். காம்பைப் பார்த்தார். முறிந்த தடத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“இத வரதாச்சாரி சொல்லச் சொன்னாரா?”

“இல்லீங்க சார். அவருக்கு இன்னும் தெரியாது.”

“தெரியாதா?”

“உங்ககிட்டதாங்க முதல்ல சொல்றேன்.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

“இன்னும் மூணு பூ இருக்குங்கறே.”

“இருக்குங்க சார். ஒட்டிக்கிட்டிருக்கு.”

“ஒண்ண எடுத்து வெட்டினா இன்னிக்கே தெரிஞ்சுபோயிடும்.”

அவர் கேட்டது நியாயமாகத்தான் தோன்றியது. மறுநாள் சபை. வாசிக்கக் கட்டுரை இல்லை. அரைமணி நேர வேலையில் உண்மை தெரிந்துவிடும். எழுதிக் கேட்டு அனுமதி வாங்க நாள் இல்லை. அவர் உத்தரவு போட்டிருந்தால் நான் மறுத்திருப்பேனா என்று தெரியாது. அவர் உத்தரவு போடவில்லை. என் பதிலுக்குக் காத்திருந்தார்.

“விழுந்தத எடுத்தே இப்படி ஆயிடுச்சுங்க சார். ஒட்டியிருக்கிறதையும் எடுத்தோம்னா, இனிமே யாரும் நமக்குத் தாள் தரமாட்டாங்க.”

அவர் தாளை மூடிக் கயிற்றைத் தானே கட்டினார். கட்டுரையை மேஜை அறைக்குள் வைத்தார். சிபாரிசுக் கடிதத்தையும் அதன்மேலேயே வைத்து மூடினார். “போ” என்றார்.

மறுநாள் சபையில் எழுந்து, பாக்ஸ் கூட்டம் பற்றிய கட்டுரைக்கு ஆதாரம் போதவில்லை, வாசிக்கவில்லை என்று ஒரே வாக்கியம் சொன்னார். பிறகு காவிரிக் கரைக் கோரைகள் பற்றி முன்பே பல சபைகளில் பேசியதை மறுபடி பேசினார். வந்திருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வரதாச்சாரி என் பக்கம் சாய்ந்தார்.

“ஓய், இந்தக் கோரைப் பிரவசனத்த நாலாவது தடவை சேவிக்கறேன். என்ன ஆச்சு?”

“அவரே சொல்லுவாருங்க சார்.”

“உமக்குத் தெரியும்.”

“தெரியுங்க. அவருதான் சொல்லணும்.”

வரதாச்சாரி மறுபடி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பேராசிரியர் திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சொல்லும்போது கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்த வரதாச்சாரி வழக்கம்போல் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் மேஜையில் உட்கார்ந்து பென்சில் சீவினார்.

அந்த வருஷம் சிபாரிசு போகவில்லை. தற்காலிகமாகவே இன்னும் ஒரு வருஷம் நீட்டினார்கள். ஊரில் என் தகப்பனார் கேட்டபோது, “தழைய மாத்தி வச்சிட்டேங்கப்பா” என்றேன். “ஆடு ஒருநாளும் மாத்தினதில்லயேடா” என்றார். கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

அடுத்த வருஷம் பேராசிரியர் நீலகிரிக்குத் தன் செலவில் போனார். எங்கள் யாரிடமும் எதற்கென்று சொல்லவில்லை. திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜாடி. அதற்குள் ஸ்பிரிட்டில் கிளையோடு, இலையோடு, பூவோடு அந்தப் புதர். அதை என் மேஜைமேல் வைத்தார்.

“வெட்டு. காம்போட வெட்டு.”

வெட்டினேன். வரம்பு வெளிச்சுவரைப் பார்த்திருந்தது. குல்லா இல்லை. பேராசிரியர் பார்த்தார். பிறகு வரதாச்சாரியைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார்.

“ஜெயிச்சுட்டேன்னு சொல்லலாமா சார்?”

“பாதி ஜெயம். ஆமணக்கு வீட்டுலேர்ந்து வெளியே எடுத்தாச்சு. எந்த வீட்டுல கொண்டு வைப்பீர்?”

ஐரோப்பியப் புத்தகங்கள் மூன்றைப் புரட்டினோம். மூன்றும் மூன்று இடத்தில் வைத்திருந்தன. இப்போதும் அதே நிலைதான். எங்கே சேராது என்று தெரியும். யாருக்குப் பக்கத்தில் என்று தெரியாது. அதனால்தான் பாக்ஸ் கூட்டத்துத் தாள்கட்டு கடைசி அலமாரியில் தனியாக இருக்கிறது. யாராவது பெரிய மனிதர் வந்து ஏன் இது இங்கே என்று கேட்டால் கூசாமல் தெரியாது என்று சொல்லுங்கள். வீட்டுக்குள்ளே யார் யாருக்கு நெருக்கம் என்பதில் மட்டும் கொஞ்சம் தெளிவு உண்டு. நீலகிரிப் புதரும், தரையோடு படரும் ஒரு சீனத்துச் செடியும் கூடப்பிறந்தவை என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் இலை மாறி மாறி வருகிறது, பெண் பூ பூங்கொத்தின் அடியில். பாக்ஸ் மரத்துக்கு இலை எதிரெதிராக, பெண் பூ உச்சியில். அது பங்காளி. அமெரிக்கப் பாலைவனத்துப் புதர் ஒன்றையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது இந்த வீட்டுப் பிள்ளைதானா என்று எனக்குச் சந்தேகம். எல்லாவற்றையும் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். நீங்களும் பென்சிலையே வைத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியர் ஜாடியோடு திரும்பிய அதே மாதம் இன்னொரு இரவல் பார்சல் வந்தது. வரதாச்சாரி கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கப் போனார். பேராசிரியர் தன் அறையிலிருந்தே சொன்னார்: “அத வைங்கோ. முத்தையா வரட்டும், அவன் பிரிப்பான்.” அதன்பின் அவர் ஓய்வு பெறும்வரை இந்த அறைக்கு வந்த எல்லாப் பார்சலையும் நான்தான் பிரித்தேன். நிரந்தர உத்தரவும் அந்த வருஷமே வந்தது. இந்தமுறை சிபாரிசுக் கடிதத்தில் அந்த ‘நுணுக்கமான பார்வை’ இல்லை என்று குமாஸ்தா வருத்தத்தோடு சொன்னார்.

நேற்று உங்களுக்காக மேஜையைக் காலி செய்தேன். அடி அறையில் ஒரு ஸ்லைடு இருக்கிறது. அந்த வேலிப்புதர் மொட்டை வெட்டியது. தூக்கிப் போடவேண்டாம். அந்த வெள்ளிக்கிழமை மாலையே அதன் உறையில் நான் இப்படி எழுதி ஒட்டினேன்: ‘எந்தத் தாளிலிருந்து விழுந்தது என்று கவனிக்கவில்லை. மு.’ அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக அதை வெளியே எடுத்ததில்லை. நேற்றுத்தான் எடுத்தேன். என் எழுத்துக்குக் கீழே பென்சிலில் பேராசிரியர் கையால் ஒரு வரி இருந்தது. எப்போது எழுதினாரோ தெரியாது.

‘நானும் கேட்கவில்லை.’